வட்ட மேசை இருக்கைப் புதிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் வங்கித் தேர்வுக்கும் தேர்வாணையத் தேர்வுக்கும் படிப்பவர்கள் கூடுகிறார்கள். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களிலிருந்து பேருந்தேறி வருபவர்களும் அவர்களில் உண்டு. வட்ட மேசைப் புதிர் என்று வந்தவுடன் ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் சந்தேகங்கள் ஒரே மாதிரியானவை. புதிதாக வருபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதைவிட, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து விடைகளை எழுதிவிடலாம் என்று தோன்றியது. வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. அக்கா, இது கணக்கா, ரீசனிங்கா? சூத்திரம் ஏதாவது இருக்கா?

இது ரீசனிங். கொடுத்த குறிப்புகளைக் கொண்டு யார் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரம் எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் 200 கேள்விகளுள் 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை. அங்கே இப்புதிர் வந்தால் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கும் ஒற்றைக் கேள்வியாக வரும். வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடங்கள். அங்கே ஒரே மேசையை வைத்து மூன்று முதல் ஐந்து கேள்விகள் வரை தொகுப்பாகக் கேட்பார்கள். ஆகவே ஒரு படம் சரியாக அமைந்தால் ஐந்து மதிப்பெண்கள் சேர்ந்து வரும், தவறினால் ஐந்தும் சேர்ந்து போகும்.

2. இடது எந்தப் பக்கம், வலது எந்தப் பக்கம்னு ஒவ்வொரு தடவையும் குழம்புது. எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?

மாம்பழக் காலத்தில் ஒரு ஞாயிறன்று எட்டுப் பேரை மாடியில் வட்டமாக, முகம் உள்நோக்கி இருக்குமாறு உட்கார வைத்தேன். ஒருவர் கையில் ஒரு பெங்களூரா மாம்பழத்தைக் கொடுத்து, "உங்கள் வலக்கைப் பக்கம் இருப்பவரிடம் கொடுங்கள், அவரும் அப்படியே கொடுக்கட்டும்" என்று சொன்னேன். மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்புப் படியில் நின்று மேலிருந்து பார்த்தார்கள். மாம்பழம் கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றி, புறப்பட்ட கைக்கே வந்து சேர்ந்தது. பிறகு எட்டுப் பேரையும் அந்தந்த இடத்திலேயே முதுகை உட்புறம் காட்டித் திரும்பி உட்காரச் சொன்னேன். அதே வலக்கைப் பக்கம் கொடுத்தபோது மாம்பழம் கடிகார முள்ளின் திசையிலேயே சென்றது.

விதி இதுதான்: மையத்தை நோக்கி அமர்ந்தவருக்கு வலப்புறம் என்பது எதிர்க்கடிகாரச் சுற்று, இடப்புறம் என்பது கடிகாரச் சுற்று. வெளிநோக்கி அமர்ந்தவருக்கு இவை இரண்டும் அப்படியே மாறும். தாளில் ஐயம் வந்தால் வட்டத்தின் அடிப்பகுதியில், அதாவது கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில், நீங்கள் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உங்கள் வலக்கையும் படத்தின் வலப்பக்கமும் ஒன்றுதான். அங்கிருந்து வலக்கைப் பக்கம் 5, 4, 3 என்று போகிறது.

3. கோயிலை வலம் வர்றது கடிகாரச் சுற்றுதானே? அப்போ வலப்புறம்னா கடிகாரச் சுற்றுதானே வரணும்?

இது நல்ல கேள்வி. தமிழில் படிப்பவர்களுக்கே உரிய குழப்பம் இது; 'வலஞ்சுழி' என்றால் கடிகாரச் சுற்று, ஆனால் உள்நோக்கி அமர்ந்தவரின் வலப்புறம் எதிர்க்கடிகாரச் சுற்று என்பது முதலில் முரணாகவே தோன்றும். கோட்டைக் கோயிலில் நீங்கள் வலம் வரும்போது உங்கள் முகம் நடக்கும் பாதையை நோக்கி இருக்கிறது, சந்நிதி உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கிறது. மையம் வலப்பக்கம் இருப்பதால்தான் அது வலம்.

இப்போது நடப்பதை நிறுத்திவிட்டுச் சந்நிதியைப் பார்த்து அப்படியே திரும்பி நில்லுங்கள். இதுவரை முன்னால் இருந்த பாதை இப்போது உங்கள் இடக்கைப் பக்கம் வந்துவிட்டது. மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் சந்நிதியைப் பார்த்து நிற்பவர்களைப் போன்றவர்கள், வலம் வருபவர்களைப் போன்றவர்கள் அல்லர். ஆகவே நடப்பவருக்கு வலமாக இருந்த சுற்று, அமர்ந்தவருக்கு இடமாகிறது.

4. 'கண்ணனுக்கு இடப்புறம் மலர்', 'கண்ணன் மலருக்கு இடப்புறம்' — ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை, இரண்டும் நேர்மாறானவை. என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன, ஆகையால் இதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். இடம், வலம் என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் நீங்கள் ஒருவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்து அங்கிருந்து பார்க்க வேண்டும். யாருடைய நாற்காலி என்பதைத் தமிழில் வேற்றுமை உருபே சொல்லிவிடுகிறது. 'கு' உருபை ஏற்ற பெயர் எதுவோ, அவருடைய நாற்காலியில் உட்காருங்கள். 'கண்ணனுக்கு இடப்புறம் மலர்' என்றால் கண்ணனின் நாற்காலியில் அமர்ந்து இடக்கைப் பக்கம் பாருங்கள், அங்கே மலர் இருக்கிறார். 'கண்ணன் மலருக்கு இடப்புறம்' என்றால் மலரின் நாற்காலியில் அமர்ந்து இடக்கைப் பக்கம் பாருங்கள், அங்கே கண்ணன்.

சில தாள்களில் 'கு' வருமிடத்தில் 'மலரின் இடப்புறம்' என்று 'இன்' வரும், பொருள் ஒன்றே. சொற்களின் வரிசை எப்படி மாறினாலும் உருபு மாறாது. 'மலருக்கு இடப்புறம் கண்ணன்', 'கண்ணன் அமர்ந்திருப்பது மலருக்கு இடப்புறம்' ஆகிய இரண்டிலும் 'கு' மலரிடமே இருக்கிறது. குறிப்பைப் படிக்கும்போதே அந்தப் பெயரின் கீழ் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

5. படம் எப்படிப் போடணும்? முதல் ஆளை எங்கே வெக்கணும்?

ஆறு பேர் என்றால் மூன்று கோடுகளும், எட்டுப் பேர் என்றால் நான்கு கோடுகளும் மையத்தில் வெட்டிக்கொள்ளும்படி, மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வரையுங்கள். வட்டத்தை வரையவே தேவையில்லை. இந்தப் படத்தில் ஒரு கோட்டின் இரு முனைகளும் எதிரெதிர் இருக்கைகள் என்பது எண்ணாமலே தெரிந்துவிடும். வெறும் வட்டம் போட்டு ஓரத்தில் எட்டுப் புள்ளி வைப்பவர்கள் எதிர் இருக்கையைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் ஆளை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். எட்டுப் பேரை நேர்வரிசையில் 40,320 வகையாக அமர்த்தலாம். வட்டத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. எல்லோரும் ஓர் இருக்கை நகர்ந்து அமர்ந்தாலும் யாருக்கு அருகில் யார் என்பது மாறாது. ஒருவரை நிறுத்திவிட்டு மற்ற எழுவரை மட்டும் மாற்றினால் போதும், 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 என 5,040 வகைகளே வரும். முதல் ஆளை உங்கள் விருப்பப்படி நிறுத்தும் உரிமை இதனால்தான் கிடைக்கிறது. அந்த உரிமை ஒரே ஒருவருக்குத்தான். இரண்டாமவரிலிருந்து எல்லோரும் குறிப்பின்படியே அமர வேண்டும்.

6. 'மூன்றாவதாக', 'இடையே மூவர்' — ஒரே அர்த்தமா?

இல்லை. 'இடப்புறம் மூன்றாவதாக' என்றால் உங்கள் நாற்காலியை விட்டுவிட்டு அடுத்தவரை ஒன்று என எண்ணி மூன்றில் நிறுத்துங்கள். இடையே இருவர் மட்டுமே இருப்பார்கள். 'இடையே மூவர்' என்றால் அவர் நான்காமவர்.

7. ஒரு சின்னக் கணக்கை முழுசா போட்டுக் காட்டுங்க அக்கா.

கண்ணன், மலர், சேகர், வள்ளி, தங்கராசு, ராணி ஆகிய அறுவரும் மையத்தை நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். கண்ணனுக்கு நேர் எதிரே மலர். மலருக்கு வலப்புறம் இரண்டாவதாக ராணி. சேகரும் தங்கராசும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். சேகர் கண்ணனுக்கு அருகில் இல்லை. வள்ளிக்கு இடப்புறம் அடுத்து இருப்பவர் யார்?

இருக்கைகளுக்குக் கடிகாரச் சுற்றில் 1 முதல் 6 வரை எண் கொடுப்போம். அப்படிக் கொடுத்தால் இடப்புறம் போவது கூட்டல், வலப்புறம் போவது கழித்தல் என்றாகிவிடும். கண்ணனை 1-இல் வைத்தால் எதிரே 4-இல் மலர். அடுத்த குறிப்பில் 'கு' மலரிடம் இருக்கிறது. மலரின் நாற்காலியிலிருந்து வலப்புறம் இரண்டு கழித்தால் 2, அங்கே ராணி. இன்னும் 3, 5, 6 ஆகிய இடங்கள் மீதி. இவற்றில் எதிரெதிராக இருப்பவை 3-உம் 6-உம் மட்டுமே, ஆகவே சேகரும் தங்கராசும் அவற்றில் இருக்கிறார்கள். வள்ளியைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லாமலே அவருக்கு 5 உறுதியாகிவிட்டது. 6 என்பது கண்ணனுக்கு அருகில் உள்ள இருக்கை, அங்கே சேகர் அமர முடியாது. அவர் 3-இல், தங்கராசு 6-இல். வள்ளிக்கு இடப்புறம் அடுத்து 6, விடை தங்கராசு.

8. நாலஞ்சு குறிப்பு இருந்தா எதுல இருந்து ஆரம்பிக்கறது? கொடுத்த வரிசையிலேயே போகலாமா?

கொடுத்த வரிசையில் போக வேண்டியதில்லை. தேர்வுத் தாளில் குறிப்புகள் வேண்டுமென்றே கலைக்கப்பட்டிருக்கும். ஒருவருடைய இடத்தை மற்றவருடைய இடத்தோடு ஐயமின்றிப் பிணைக்கும் குறிப்புகளை முதலில் எடுங்கள்: 'நேர் எதிரே', 'இடப்புறம் மூன்றாவதாக' போன்றவை. அவற்றிலும் ஒரே பெயர் இரண்டு மூன்று குறிப்புகளில் திரும்ப வந்தால் அவரை முதலில் அமர்த்துங்கள், அவரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வருவார்கள். 'அருகில்', 'இடையே இருவர்' என்று பக்கம் சொல்லாத குறிப்புகள் அடுத்து.

'அருகில் இல்லை', 'எதிரே இல்லை' என்ற எதிர்மறைக் குறிப்புகளைத் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு திணறாதீர்கள். தொடக்கத்தில் அவை எதையும் சொல்வதில்லை. இரண்டு இடங்கள் மட்டும் மீதமிருக்கும்போது ஒன்றை அடித்துவிடும் வேலையை அவை செய்கின்றன. ஏழாம் கேள்வியில் சேகரைப் பற்றிய கடைசிக் குறிப்பு செய்தது அதைத்தான்.

9. ஒரு ஆளுக்கு ரெண்டு இடம் சரியா வருது. ஏதோ ஒண்ணுல போட்டுட்டுப் போகலாமா?

போடக்கூடாது. ஊகித்துப் போட்டுவிட்டால் அது ஊகம் என்பதை மூன்று குறிப்புகள் தாண்டியவுடன் மறந்துவிடுவீர்கள், பிறகு எங்கே தவறு என்று தேடவும் முடியாது. அதுவரை போட்ட படத்தைப் பக்கத்தில் இன்னொரு முறை வரைந்து, ஓர் இடத்தை முதல் படத்திலும் மற்றோர் இடத்தை இரண்டாவதிலும் வையுங்கள். அடுத்த குறிப்பை இரண்டிலும் பொருத்துங்கள். பெரும்பாலும் ஒரு படம் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

நம் பக்கத்து மாவட்டத்தை வைத்தே பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எட்டு வட்டங்கள் (தாலுகாக்கள்): கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை. தாலுகாவுக்கு ஒருவராக எட்டுப் பேர் மையத்தை நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை ஊர்ப் பெயராலேயே சொல்வோம். ஓசூருக்கு இடப்புறம் மூன்றாவதாக பர்கூர். பர்கூருக்கும் அஞ்செட்டிக்கும் இடையே இருவர். கிருஷ்ணகிரி, அஞ்செட்டிக்கு அருகில். சூளகிரி, கிருஷ்ணகிரிக்கு நேர் எதிரே. அஞ்செட்டிக்கு வலப்புறம் இரண்டாவதாக போச்சம்பள்ளி. ஊத்தங்கரை, ஓசூருக்கு அருகில் இல்லை.

ஓசூரை 1-இல் நிறுத்தினால் பர்கூர் 4. 'இடையே இருவர்' என்பதால் அஞ்செட்டி 7 அல்லது 1; 1-இல் ஓசூர் இருப்பதால் 7. கிருஷ்ணகிரிக்கு 6-உம் பொருந்தும், 8-உம் பொருந்தும். இங்கேதான் இரண்டு படங்கள் வேண்டும். 8-இல் வைத்தால் எதிரே 4-இல் சூளகிரி வர வேண்டும், அங்கே ஏற்கெனவே பர்கூர் இருப்பதால் அந்தப் படத்தை அடித்துவிடலாம். ஆகவே கிருஷ்ணகிரி 6, சூளகிரி 2. அஞ்செட்டியிலிருந்து வலப்புறம் இரண்டாவது 5, அங்கே போச்சம்பள்ளி. மீதி 3-உம் 8-உம். 8 என்பது ஓசூருக்கு அருகில், எனவே ஊத்தங்கரை 3-இலும் தேன்கனிக்கோட்டை 8-இலும் அமர்கின்றன. கடிகாரச் சுற்றில் ஓசூர், சூளகிரி, ஊத்தங்கரை, பர்கூர், போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை. இந்தப் படத்தைத் தாளின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மீண்டும் தேவைப்படும்.

10. 'இவருக்கு எதிரே இருப்பவருக்கு இடப்புறம் இரண்டாவதாக இருப்பவர் யார்'னு சங்கிலி மாதிரி கேட்டா தலை சுத்துது.

தமிழ்த் தாளில் படிப்பவர்களுக்கு இது எளிது. தமிழ் வாக்கியத்தில் சங்கிலியின் முதல் கண்ணி முதலில் வருகிறது, ஆகவே படிக்கும் வரிசையிலேயே விரலை நகர்த்திக்கொண்டு போகலாம். 'சூளகிரிக்கு எதிரே இருப்பவருக்கு' என்று படித்தவுடன் விரல் 2-லிருந்து 6-க்குப் போகட்டும். 'இடப்புறம் இரண்டாவதாக' என்று படித்தவுடன் 8-க்குப் போகட்டும். விடை தேன்கனிக்கோட்டை. ஆங்கிலத் தாளில் இதே கேள்வியின் தொடக்கப் பெயர் வாக்கியத்தின் கடைசியில் இருக்கும், அங்கே பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். வங்கி எழுத்தர் தேர்வை முதல்நிலை, முதன்மை இரண்டிலும் தமிழ் உள்ளிட்ட 13 பிராந்திய மொழிகளில் நடத்துவது என்று ஒன்றிய நிதி அமைச்சகம் 2021-இல் முடிவெடுத்தது. கணினித் திரையில் இரு மொழிகளிலும் கேள்வி தெரியும்போது, சங்கிலிக் கேள்வியைத் தமிழில் படியுங்கள் என்றே நான் சொல்வேன்.

11. 'நான்கு ஒரே மாதிரி, ஒன்று மட்டும் சேராது, அது எது' — இதுக்கு என்ன வழி?

இரண்டிரண்டு பெயர்களாக ஐந்து இணைகள் கொடுப்பார்கள். ஒவ்வோர் இணையிலும் முதல் பெயரிலிருந்து இரண்டாம் பெயருக்கு எத்தனை இருக்கை, எந்தப் பக்கம் என்று எண்ணி எழுதுங்கள். ஒன்பதாம் கேள்வியின் படத்தில் ஓசூர்–ஊத்தங்கரை, பர்கூர்–கிருஷ்ணகிரி, அஞ்செட்டி–ஓசூர், சூளகிரி–பர்கூர் ஆகிய நான்கிலும் இரண்டாமவர் முதலாமவருக்கு இடப்புறம் இரண்டாவதாக இருக்கிறார். போச்சம்பள்ளி–தேன்கனிக்கோட்டை இணையில் மூன்றாவதாக இருக்கிறார், அதுவே சேராதது. பெயர்களை இடம் மாற்றி எண்ணிவிடாதீர்கள். அஞ்செட்டி–ஓசூர் என்பதும் ஓசூர்–அஞ்செட்டி என்பதும் இங்கே வேறு வேறு.

12. சிலர் உள்ளே பார்த்தும் சிலர் வெளியே பார்த்தும் உட்கார்ந்தா என்ன பண்றது?

இரண்டாம் விடையில் சொன்ன விதியேதான், புதிய விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கு அருகிலும் ஒரு சிறு அம்புக்குறி போடுங்கள்: உள்நோக்கியவருக்கு மையத்தை நோக்கி, வெளிநோக்கியவருக்கு வெளியே. 'கு' உருபு யாரிடம் இருக்கிறதோ அவருடைய அம்பைப் பார்த்த பிறகே எண்ணத் தொடங்குங்கள். எண்ணும்போது இடையில் இருப்பவர்களின் அம்புகளைப் பார்க்கவே கூடாது. மலரின் இடப்புறம் மூன்றாமவரை எண்ணும்போது வழியில் உள்ள இருவர் எந்தப் பக்கம் பார்த்தாலும் நமக்குக் கவலையில்லை, நாம் அமர்ந்திருப்பது மலரின் நாற்காலியில்.

13. 'எதிரே', 'எதிர்த்திசையில்' ரெண்டும் வேறயா?

வேறு. 'நேர் எதிரே' என்பது இருக்கையைப் பற்றியது. எட்டுப் பேரில் நான்காவது இருக்கை. 'எதிர்த்திசையை நோக்கி' என்பது முகத்தைப் பற்றியது. ஒருவர் உள்நோக்கினால் மற்றவர் வெளிநோக்குகிறார் என்று பொருள். 'ராணியும் மலரும் ஒரே திசையை நோக்கி' என்றால் இருவரும் உள்நோக்கி, அல்லது இருவரும் வெளிநோக்கி; வட்டப் புதிரில் கிழக்கு, மேற்கு என்ற பேச்சு இல்லை. 'ராணிக்கு அருகில் உள்ள இருவரும் ஒருவருக்கொருவர் எதிர்த்திசையை நோக்குகின்றனர்' என்று வந்தால் அந்த இருவரில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ராணியின் முகம் எங்கே என்று அந்தக் குறிப்பு சொல்லவில்லை. ராணிக்கு எதிர்த்திசை என்று அதைப் படித்து மூன்று அம்புகளையும் தவறாகப் போட்டவர்கள் பலர்.

14. யார் எந்தப் பக்கம் பார்க்கறாங்கன்னு சொல்லவே இல்லை. அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஒருவருடைய இடத்தைப் பற்றி இரண்டு குறிப்புகள் வரும்போது அவற்றிலிருந்து முகம் தெரிந்துவிடும். எட்டுப் பேர் வட்டத்தில் மலர் உள்நோக்கி இருக்கிறார் என்று தெரியும். 'மலருக்கு வலப்புறம் இரண்டாவதாக சேகர்', 'சேகருக்கு வலப்புறம் இரண்டாவதாக மலர்' என்று இரண்டு குறிப்புகள் இருக்கட்டும். மலர் 5-இல் என்றால் சேகர் 3. 3-லிருந்து 5-க்குப் போவது கடிகாரச் சுற்று. அது சேகருக்கு வலப்புறம் என்கிறார்கள். வலப்புறம் கடிகாரச் சுற்றாக இருப்பது வெளிநோக்கியவருக்கே. ஆகவே சேகரின் அம்பு வெளியே.

இருவரும் ஒருவருக்கொருவர் வலப்புறம் அதே எண்ணில் இருந்தால் அவர்களின் முகங்கள் எதிர்த்திசையில் என்று இதைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு விலக்குடன். எட்டுப் பேரில் 'வலப்புறம் நான்காவது' என்பதும் 'இடப்புறம் நான்காவது' என்பதும் அதே எதிர் இருக்கைதான், அதிலிருந்து முகத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய இயலாது. அந்த இடத்தில் அவசரப்பட்டு அம்பு போடாதீர்கள்.

15. சதுர மேசைன்னா இதெல்லாம் மாறுமா?

சுற்றும் திசை மாறாது. எட்டுப் பேரில் நால்வர் மூலைகளிலும் நால்வர் பக்கங்களின் நடுவிலும் அமர்வார்கள். மூலையில் இருப்பவர்கள் உள்நோக்கியும் நடுவில் இருப்பவர்கள் வெளிநோக்கியும், அல்லது அதற்கு மாறாகவும் இருப்பார்கள் என்று தாளிலேயே சொல்லிவிடுவார்கள். சதுரத்தில் ஒரு கூடுதல் உதவி உண்டு. மூலையும் நடுவும் மாறி மாறி வருவதால், ஒற்றைப்படை எண்ணில் நகர்ந்தால் மூலையிலிருந்து நடுவுக்குப் போவோம், இரட்டைப்படை எண்ணில் நகர்ந்தால் மூலையிலிருந்து மூலைக்கே போவோம். 'வலப்புறம் மூன்றாவதாக' என்ற குறிப்பு வந்தவுடன் இருவரில் ஒருவர் மூலையில், மற்றவர் நடுவில் என்பது தெரிந்துவிடும், அதோடு இருவரின் முகமும் வேறு வேறு என்பதும் தெரிந்துவிடும்.

16. மெயின்ஸ்ல எத்தனை பேர்னே சொல்லாம கேட்கறாங்களே?

'சிலர் வட்டமாக அமர்ந்துள்ளனர்' என்று தொடங்கும் புதிர்களில் ஒரே இருவருக்கு இடையே இரு பக்கமும் எண்ணிக்கை கொடுத்திருப்பார்கள், அதை முதலில் தேடுங்கள். கண்ணனின் இடப்புறமாக எண்ணினால் கண்ணனுக்கும் மலருக்கும் இடையே மூவர், வலப்புறமாக எண்ணினால் ஐவர் என்றால் மொத்தம் 3 + 5 + 2 = 10 பேர். அந்த இருவரைச் சேர்க்க மறந்து எட்டுப் பேருக்குச் சக்கரம் வரைந்துவிட்டால் பிறகு எந்தக் குறிப்பும் பொருந்தாது.

17. ஊரும் வேலையும் சேர்ந்து வந்தா?

பெயரை ஆரக்காலின் உட்பக்கமும் வேலையை வெளிப்பக்கமும் எழுதுங்கள். 'ஆசிரியருக்கு இடப்புறம் அடுத்து ராணி' என்ற குறிப்பில் ஆசிரியர் யார் என்று தெரியாவிட்டாலும் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. வெளிப்பக்கத்தை மட்டும் நிரப்பி உட்பக்கத்தைக் காலியாக விடலாம். மற்ற எல்லாம் முன்பு சொன்னபடியே.

18. இருபது நிமிஷத்துல இதுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? வரலைன்னா விட்டுடலாமா?

மையத்தை நோக்கிய எட்டுப் பேர் புதிருக்கு, பழகியவர்களுக்கு நான்கு நிமிடங்கள் போதும். ஐந்து கேள்விகளுக்கு அது நியாயமான விலை. நான்கு நிமிடங்களுக்குப் பின்னும் மூன்று படங்கள் உயிரோடு இருந்தால் விட்டுவிட்டு அடுத்த கேள்விகளுக்குச் செல்லுங்கள், ஆனால் தாளில் உள்ள படங்களை அடித்துவிடாதீர்கள். வங்கித் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். தவறான படத்திலிருந்து ஐந்து விடைகளைக் குறித்தால் ஒன்றே கால் மதிப்பெண் கையிலிருந்து போகிறது. தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் கழிவு இல்லை, அங்கே எதையும் வெறுமனே விட வேண்டியதில்லை.

19. எல்லாக் குறிப்பும் பொருந்துது, ஆனா ரெண்டு படம் வருது. கேள்வியே தப்பா?

பெரும்பாலும் கேள்வி சரியாகவே இருக்கும். 'அருகில்', 'எதிரே', 'இடையே' என்ற சொற்கள் மட்டுமே குறிப்புகளில் இருந்து, இடம் அல்லது வலம் என்ற சொல் ஒருமுறைகூட வராவிட்டால், உங்கள் படத்தைக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும் படமும் எல்லாக் குறிப்புகளுக்கும் பொருந்தும். கண்ணன், மலர், சேகர், ராணி நால்வர் மட்டும் இருந்து, கண்ணனுக்கு எதிரே மலர் என்று மட்டும் சொன்னால், சேகர் மலருக்கு இடப்புறமும் இருக்கலாம், வலப்புறமும் இருக்கலாம். 'மலருக்கு அருகில் இருப்போர் யார்' என்று கேட்டால் இரண்டு படங்களும் சேகர், ராணி என்றே சொல்லும், தயங்காமல் குறிக்கலாம். 'மலருக்கு இடப்புறம் யார்' என்று கேட்டால் மட்டுமே 'தீர்மானிக்க இயலாது' என்பது விடை. அந்த விடையைக் குறிக்கும் முன் இரண்டு படங்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயம் வந்த கேள்விக்கெல்லாம் அதைக் குறிப்பது சரியல்ல.

20. நான் ரொம்ப நாளா இடத்தையும் வலத்தையும் மாத்தித்தான் போட்டுட்டு இருந்திருக்கேன். ஆனா விடை எல்லாம் சரியா வந்துச்சே, எப்படி?

பென்னாகரத்திலிருந்து வரும் ஒரு மாணவி, இரண்டாம் கேள்வியில் சொன்ன மாம்பழம் சுற்றி வந்த அன்று இதைக் கேட்டார். உள்நோக்கியவரின் வலப்புறம் கடிகாரச் சுற்று என்றே அதுவரை நம்பியிருந்தார். ஆனால் அவருடைய பயிற்சித் தாள்களில் பெரும்பாலும் மதிப்பெண் குறையவில்லை. காரணம், அவர் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி மாற்றிப் போட்டதுதான். குறிப்பைப் படிக்கும்போதும் மாற்றி, விடை எழுதும்போதும் மாற்றினால், கிடைப்பது சரியான படத்தின் கண்ணாடிப் படம். அதில் மாற்றி எண்ணும்போது சரியான பெயரே கிடைக்கும். பாதிக் குறிப்பில் சரியாகவும் பாதியில் மாற்றியும் போடுபவர்களுக்குத்தான் படம் முட்டிக்கொள்கிறது.

ஆனால் 'கடிகாரச் சுற்றில்' என்ற சொல் கேள்வியில் வந்தவுடன் இந்தப் பழக்கம் கைவிட்டுவிடும். ஒன்பதாம் கேள்வியின் படத்தை எடுங்கள். 'அஞ்செட்டியிலிருந்து தொடங்கிக் கடிகாரச் சுற்றில் எட்டுப் பேரையும் அகர வரிசைப்படி அமர்த்தினால், அஞ்செட்டியைத் தவிர எத்தனை பேரின் இடம் மாறாது?' அகர வரிசை: அஞ்செட்டி, ஊத்தங்கரை, ஓசூர், கிருஷ்ணகிரி, சூளகிரி, தேன்கனிக்கோட்டை, பர்கூர், போச்சம்பள்ளி. அஞ்செட்டி 7-இல் இருக்க, ஊத்தங்கரை 8-க்கும் ஓசூர் 1-க்கும் கிருஷ்ணகிரி 2-க்கும் என்று வரிசையாக வருகிறார்கள். ஓசூர் முன்பும் 1-இல்தான் இருந்தார், வேறு யாருக்கும் பழைய இடம் அமையவில்லை. விடை ஒருவர். அந்த மாணவியின் கண்ணாடிப் படத்தில் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் பழைய இடம் அமையவில்லை, விடை பூச்சியம் என்று வந்தது. அவர் தம் பழைய பயிற்சித் தாள்களை எடுத்து, தவறாகப் போயிருந்த கேள்விகளைத் தேடினார். ஏறக்குறைய எல்லாமே 'கடிகாரச் சுற்றில்' என்ற சொல் இருந்த கேள்விகள்.